புத்தகம் வருவதற்கு முன்னால் இவ்வளவு கூவணுமா?

கேள்வி: 2024 நவம்பர் 9, காலை 11.15

மழை விட்டதும் ஈசல் கிளம்புவது மாதிரி, நவம்பர் பிறந்ததும் எழுத்தாளர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அட்டை வருகிறது, பின்னட்டை வருகிறது, முன்பதிவுக்கு இன்னும் மூன்றே நாள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிகிறவரை முகநூலைத் திறக்க முடிவதில்லை. நல்ல புத்தகம் தானாக விற்கும். சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. அதற்கு பேனரா கட்டினார்? உங்களுக்கெல்லாம் கூச்சமே இல்லையா? கிண்டலுக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில்: 2024 நவம்பர் 9, இரவு 10.40

என்னைத்தான் சொல்கிறீர்கள். போன வாரம் மட்டும் அட்டைப்படத்தைப் பற்றி ஜாடையாக மூன்று பதிவு போட்டவள் இங்கே நான் ஒருத்திதான். கூச்சமா? இருக்கிறது. பதிவைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு அரிசி களையப் போவேன். அரிசி உலையில் விழுவதற்குள் இரண்டு தடவை நிமிர்த்திப் பார்த்திருப்பேன்.

நல்ல புத்தகம் தானாக விற்கும் என்று நம்பினவள்தான் நானும். முதல் தொகுப்பு 2019 டிசம்பரில் வந்தது. ஒருத்தருக்கும் சொல்லவில்லை. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்கே தெரியாது. படிக்கிறவர்கள் தேடி வரட்டும் என்று ஒரு ரோஷம். முந்நூறு பிரதி அச்சிட்டார்கள். ஐந்து வருஷத்தில் விற்றது 64. மிச்சத்தை இந்த ஜூலையில், கிடங்கைக் காலி செய்கிறோம் என்று சொல்லி, அட்டைப்பெட்டிகளில் கட்டி வீட்டுக்கே அனுப்பிவிட்டார் பதிப்பாளர். பிரித்தால் எல்லாம் அப்படியே புதுசு. ஓரம்கூட மழுங்கவில்லை. அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த சாயங்காலம்தான், அடுத்த புத்தகத்துக்குக் கூவிவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

உ.வே.சா. விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அவர் காலம் வேறு.

2024 நவம்பர் 10

புத்தகத்தின் பெயரைக் கேட்கிறீர்கள். சொல்லமாட்டேன். சொன்னால் இந்தப் பேச்சும் விளம்பரமாகிவிடும். மரக்காணம் பக்கத்து உப்பளக் கதைகள். அவ்வளவு போதும்.

(பெயரைச் சொல்லாமல் இருப்பதே நல்ல விளம்பர உத்தி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அவ்வளவு மூளை எனக்கு இருந்திருந்தால் 64 பிரதியோடு நின்றிருப்பேனா?)

2024 நவம்பர் 14

யாருமே கணக்கைச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

192 பக்கம், விலை 220 ரூபாய். அச்சடிப்பது 300 பிரதி. எனக்கு ராயல்டி பத்து சதவீதம், அதாவது பிரதிக்கு 22 ரூபாய். முந்நூறும் விற்றால் 6,600. இதைத்தான் 'எழுதிச் சம்பாதிக்கிறாங்க' என்று என் நாத்தனார் சொல்கிறார்.

பதிப்பாளர் இலவசமாகத் தருவது பத்துப் பிரதி. அதுபோக நான் நூறு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. ஒப்பந்தத்தில் இல்லை, பேச்சில்தான். 40 சதவீதக் கழிவு போக 132 ரூபாய் வீதம் 13,200 ஆகிறது. இதை முன்பதிவு வைத்து விற்றுக்கொள்ளலாம், அஞ்சல் செலவு உட்பட 180 ரூபாய் என்று போடுங்கள் என்றார். முந்தாநாள் போட்டுவிட்டேன். கூடவே ஒரு பட்டியலும் வந்திருக்கிறது. வாரம் மூன்று பதிவு. ஸ்டேட்டஸ் தினமும். ஒரு நிமிஷக் காணொளி இரண்டு. விற்பனை லிங்க்கைப் பதிவில் போடக் கூடாது, போட்டால் முகநூல் அதைப் பத்துப் பேருக்குக்கூடக் காட்டாதாம். முதல் கமெண்டில் போட வேண்டுமாம். இது உண்மையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் எழுதுகிறவர்கள் எல்லோரும் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவது மாதிரி இதைத் தவறாமல் செய்கிறார்கள். நானும் கட்டுகிறேன்.

பட்டியலின் கடைசி வரி: 'உங்க போட்டோவோட போட்டா நல்லாப் போகும் மேடம்.' என்னோடு அதே மாதம் புத்தகம் கொண்டுவரும் ஆண் நண்பரிடம் விசாரித்தேன். அவருக்கு அந்த வரி இல்லை.

2024 நவம்பர் 15

நேற்றுப் போட்ட கணக்கு தப்பு. நான் வாங்குகிற நூறு பிரதிக்கு எனக்கு ராயல்டி கிடையாது. ஆக 200 பிரதிக்குத்தான், 4,400 ரூபாய். திருத்திப் படித்துக்கொள்ளவும்.

போட்டோவோடு ஒன்று போட்டுப் பார்த்தேன். 412 லைக். புடவை எந்தக் கடை என்று மூன்று பேர். 'சகோதரி எழுத்திலும் அழகு' என்று ஒருவர். புத்தகமே இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு வந்த முன்பதிவு இரண்டு. அதில் ஒன்று என் தம்பி.

2024 நவம்பர் 22

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் எடுத்த ஐயாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். எண்பது வயது தாண்டிவிட்டது. முன்பதிவு அறிவிப்பைப் பேரன் போனில் பார்த்திருக்கிறார். நேராக நன்னூலுக்குப் போய்விட்டார்.

'தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி யன்றே.' யாருக்கும் தோன்றாததைக் கண்டுசொல்லி, எத்தனை துறையை முடித்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது. மனப்பாடம் பண்ணி ஒப்பித்த சூத்திரம்தான், என்மேலேயே வந்து விழும் என்று நினைக்கவில்லை. புகழ வேண்டியது பாயிரம், அதாவது முன்னுரை, சொல்கிறவன் வேலை. யார் சொல்லலாம் என்பதற்கும் பட்டியல் இருக்கிறது: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், உரைகாரர்.

நான் குறுகிப்போய் 'சரிங்கய்யா' என்றேன். 'அவசரப்படாத. அடுத்த சூத்திரத்துல வழி விட்டிருக்கான்' என்றார். தன்னைப் புகழ்வது புலவனுக்குத் தகும் என்று நாலு இடம் சொல்லியிருக்கிறது. மன்னன் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதம் செய்து வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழித்தபோது.

ராத்திரி முழுக்க இதை என் கேஸுக்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கச் சொல்லி நூலக ஆணைக்கு விண்ணப்பம் போடுகிறோமே, அது மன்னுடை மன்றத்து ஓலை. என் ஆற்றலை உணராதவர்கள் யார் என்றால், முகநூலில் மொத்தப் பேரும். பழித்த காலை என்பது இந்தப் பேச்சின் முதல் கேள்வி. நாலில் மூன்று எனக்குப் பொருந்துகிறது. நன்னூல் எழுதின பவணந்தி முனிவர் என் கட்சி.

2024 நவம்பர் 23

இல்லை. நேற்று எழுதியதில் எனக்கே திருப்தியில்லை. அந்த நாலு இடத்திலும் விற்பனை இல்லை. ஓலை எழுதுகிறவன் 180 ரூபாய் கேட்கவில்லை. தன் ஆற்றலைச் சொல்வது வேறு, அதைச் சொல்லிக்கொண்டே ஜிபே எண்ணை நீட்டுவது வேறு.

பாயிரம் விஷயமும் உறுத்துகிறது. என் புத்தகத்துக்கு அணிந்துரை எழுதியவர் 'கூடப் படித்தவர்' வகை. அவருடைய போன வருஷத்துத் தொகுப்புக்கு நான்தான் மதிப்புரை எழுதினேன். நல்ல தொகுப்பு, பொய் எழுதவில்லை. ஆனால் கறாராகவும் எழுதவில்லை. இப்போது அவர் என்னைப் பற்றி எழுதியதும் அதே பதத்தில் இருக்கிறது. கல்யாண வீட்டில் மொய் நோட்டு பார்த்திருப்பீர்கள். அவங்க வீட்டு விசேஷத்துக்கு ஐந்நூறு வைத்தோம், இப்போது ஐந்நூற்றொன்று வந்திருக்கிறது என்று சரிபார்க்கிற நோட்டு. எனக்கு மனசுக்குள் அப்படி ஒரு நோட்டு வந்துவிட்டது. யார் வெளியீட்டு விழாவுக்கெல்லாம் போனேன், யார் பதிவைப் பகிர்ந்தேன், அவர்களில் யார் என் முன்பதிவு அறிவிப்புக்கு வெறும் கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

கூச்சமில்லையா என்று கேட்டீர்கள். கூச்சம் நாலு பதிவில் பழகிவிடுகிறது. இந்த நோட்டு பழகவில்லை. நேற்று ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவரைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, 'இவர் இன்னும் முன்பதிவு பண்ணலையே.'

2024 டிசம்பர் 3, இரவு

இப்போதுதான் கரண்ட் வந்தது. எல்லோரும் பத்திரம். விசாரித்தவர்களுக்கு நன்றி. பிறகு எழுதுகிறேன்.

2024 டிசம்பர் 4

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வெளியில் ஏற்கெனவே பாதிப் பேருக்குத் தெரியும்.

அட்டைப்படத்தை நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு வெளியிடுவது என்று முன்கூட்டியே நேரம் குறித்து ஏற்றிவைத்திருந்தேன். புயல் வரும் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். வரும் போகும் என்று இருந்துவிட்டேன். ஃபெஞ்சல் அன்றைக்கு ராத்திரிதான் புதுச்சேரி பக்கம் கரையேறியது. மத்தியானமே திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் போய்விட்டது, கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விட்டது. மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டர் மழை என்று பிறகு சொன்னார்கள். விக்கிரவாண்டி பக்கம் பாலத்தைத் தொட்டுத் தண்ணீர் ஓடி ரயிலை நிறுத்தினார்கள். தென்பெண்ணை இரண்டு மாவட்டத்தை முழுக்கிவிட்டது.

இதற்கு நடுவில் ஏழு மணிக்கு என் பதிவு தன்னால் ஏறிவிட்டது. நடு வெயிலில் பளபளக்கிற உப்புக் குவியல் படம். மேலே நான் எழுதின வரி: 'வெயில் வரட்டும் என்று காத்திருக்கிறோம்.'

நெட் இல்லாமல் அதை எடுக்க முடியவில்லை. ஏற்றினதே மறந்துபோயிருந்தது என்பதுதான் நிஜம். வாளி வைத்து வீட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் தேதி ராத்திரி போன் உயிர் பெற்றதும் திறந்தால், முதல் கமெண்ட் மரக்காணத்துப் பையன் ஒருத்தனுடையது. 'எங்க வீட்ல முட்டி அளவு தண்ணி. உங்களுக்கு வெயிலா?' அதற்குக் கீழே லிங்க். வழக்கம்போல.

எடுத்துவிட்டேன். பையனுக்குத் தனியாக எழுதினேன், பதில் இல்லை. பதிப்பாளர் காலையில் கூப்பிட்டார். அவர் கேட்டது: 'ஏன் மேடம் எடுத்தீங்க? நல்லாப் போயிட்டிருந்துச்சே.'

2024 டிசம்பர் 6

இன்னொன்றும் இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தி எல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கும். தை மாசத்துக்கு மேல்தான் தண்ணீரை வடித்து, சேற்றை மிதித்து, பாத்தியைத் திரும்பக் கட்டுவார்கள். அதுவரைக்கும் கடன்தான். அந்தக் கடன் மாதத்தில் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று நேற்று முன்தினம் ஒரு பதிவு எழுதினேன். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லிங்க் இல்லை. படம் இல்லை. கோபத்தில் எழுதினது. எங்கே அரிசி, பாய் கொடுக்கிறார்கள் என்ற விவரம் மட்டும் கீழே.

அதை நிறையப் பேர் பகிர்ந்தார்கள். ஒரே நாளில் முன்பதிவு பதினொன்று வந்தது. அதற்கு முன்னால் மூன்று வாரமாகக் கத்திச் சேர்ந்தது 52.

ஆக 63. போன புத்தகத்துக்கு ஐந்து வருஷத்தில் வந்த எண்ணிக்கைக்கு ஒன்று குறைவு. சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பதினொன்றை எந்தக் கணக்கில் எழுதுவது? 'பாத்தீங்களா, இதுதான் சரியான வழி, பொருளைப் பத்திப் பேசுங்க, உங்களைப் பத்திப் பேசாதீங்க' என்கிறார் எழுத்தாள நண்பர். அறிவுரை சரிதான். அடுத்த பதிவை எழுத உட்கார்ந்தபோது எனக்குள் ஒரு ஆள் 'இன்னும் ரெண்டு வீடு தண்ணியில இருக்குன்னு போடு' என்றான். மூடிவைத்துவிட்டேன்.

2024 டிசம்பர் 8

கனத்த பேச்சு போதும். அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா உப்பளத்தில் வாரினவள், என் சின்ன வயசில் உப்பைக் கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றவளும்கூட. நான் போனைப் பார்த்துப் பார்த்துக் கவிழ்ப்பதைக் கவனித்திருக்கிறாள். 'இன்னாத்துக்கு இப்டி தவிக்கிற? வாங்கறவன் வாங்கறான்.' உனக்குக் கூவும்போது வெட்கமாக இருந்ததில்லையா என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். 'உப்பு கூடையில கனக்குது. இதுல வெக்கம் எங்கருந்து வரும்?'

அப்புறம் தொழில் நுணுக்கம் சொல்லிக்கொடுத்தாள். தெருமுனையில் நின்று ஒரு குரல், தெரு முடிவில் ஒரு குரல். நடுவில் கூவக் கூடாது, வாசலில் நிற்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். 'ஒரு தெருவுல ரெண்டு வாட்டிதான். மூணாவது வாட்டி கூவுனா நாய்தான் வரும்.' போன தடவை வாங்கின வீட்டு வாசலில் நின்று உப்பு தீர்ந்ததா என்று கேட்கக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கலாம். பதிப்பாளர் அனுப்பின பட்டியலை விட இது தெளிவாக இருக்கிறது.

இதைத் தமிழ் ஐயாவிடம் சொன்னேன். அவர் அகநானூற்றுக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன், போனார். அம்மூவனார் பாட்டு. உப்பு விற்கிற உமணர் வீட்டுப் பெண் சேரிதோறும் கூவிக்கொண்டு போகிறாள்: 'நெல்லும் உப்பும் நேரே, ஊரீர் கொள்ளீரோ?' நெல்லுக்குச் சரிக்குச் சரி உப்பு. விலை, பொருள், கூப்பிடுதல், மூன்றும் ஒரே மூச்சில். உலகத்தரம், மண்ணின் மணம் எதுவும் கிடையாது.

என் பின்னட்டை வாசகத்தை எடுத்துப் பார்த்தேன். 'உப்பின் கரிப்பும் வாழ்வின் கசப்பும் ஒருங்கே...' என்று ஆரம்பிக்கிறது. நானே எழுதினது. மாற்ற நேரமில்லை, அட்டை அச்சாகிவிட்டது.

2024 டிசம்பர் 11

இன்றைக்கு பாரதி பிறந்தநாள். நம் விவாதத்துக்கு அவர்தான் ஆகச் சரியான சாட்சி.

1920இல் கடயத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை எழுதினார். தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடுவது என்று திட்டம். முதல் போட நண்பர்களிடம் கடன் கேட்கிறார். தமிழ்நாட்டில் மண்ணெண்ணெய், தீப்பெட்டியைக் காட்டிலும் சாதாரணமாகவும் வேகமாகவும் தன் புத்தகம் விற்கும் என்று எழுதுகிறார். லாபக் கணக்கும் போட்டிருக்கிறார். அடுத்த வருஷம் செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்பதும் வரவில்லை.

பாரதியின் கவிதை நல்ல கவிதை. தானாக விற்றதா? அவர் இருந்தவரைக்கும் இல்லை. கூவியாவது விற்றதா என்றால், அதுவும் இல்லை. இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தச் சுற்றறிக்கையைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு திருத்தம். முதல் நாள் உ.வே.சா. பற்றி ஒத்துக்கொண்டேனே, அது தப்பு. சீவக சிந்தாமணி 1887இல் வந்தது. அதை அச்சிடப் பணமில்லாமல், புத்தகம் வருவதற்கு முன்னாலேயே ஊர் ஊராக ஆளைப் பார்த்துக் கையொப்பம் வாங்கியிருக்கிறார். கையொப்பம் என்றால் என்ன? நான் ஒரு பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று முன்னாலேயே பேர் எழுதித் தருவது. முன்பதிவு! தன் சரித்திரத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார். பேனர் கட்டவில்லை, சரி. பேனர் கட்டியிருந்தால் நடை மிச்சமாகியிருக்கும்.

2024 டிசம்பர் 12

'அவர் தன் சொந்தப் படைப்புக்காகக் கேட்கவில்லை, சிந்தாமணியை எழுதிய திருத்தக்க தேவருக்காகக் கேட்டார்' என்று முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நியாயம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொருத்தருக்காகக் கேட்கும்போது குரல் உடைவதில்லை. நண்பரின் புத்தகத்தைப் பத்துப் பேரிடம் விற்றுத் தந்திருக்கிறேன், ஒரு கூச்சமும் இல்லாமல்.

2024 டிசம்பர் 19

சிரிக்கலாம். புத்தகம் 17ஆம் தேதி கைக்கு வந்தது. இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து, நானும் தம்பியும் கட்டி, விலாசம் எழுதி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, 63 கட்டு. புத்தகத்துக்கென்று மலிவாக ஒரு பதிவு அஞ்சல் உண்டு, முப்பது ரூபாய்க்குள் முடியும் என்ற நம்பிக்கையில்தான் 180 ரூபாய் என்று போட்டேன். அந்தச் சேவை நேற்றோடு, பதினெட்டாம் தேதியோடு, நின்றுபோனது. நாடு முழுக்க. நான் இன்று காலை இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறேன்.

ஸ்பீட் போஸ்ட் என்றால் பக்கத்து ஊருக்கு ஒரு விலை, கோவைக்கு ஒரு விலை, ஏறக்குறைய எழுபது வரை போகிறது. சாதாரண தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. 180இல் 132 புத்தகத்துக்குப் போக மிச்சம் 48. அதில் உறைக்கு எட்டு. மீதி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அஞ்சல் செலவு இலவசம் என்று தடித்த எழுத்தில் அறிவித்தது நான். யாரிடமும் திரும்பக் கேட்க மனசில்லை. அனுப்பிவிட்டேன்.

நேற்றுதான் சாகித்ய அகாதமி விருது அறிவிப்பும். ஆ.இரா. வேங்கடாசலபதிக்கு. நான் 'புத்தகம் கைக்கு வந்துவிட்டது' என்று போட்ட படம் வாழ்த்து மழையில் காணாமலே போனது. நானும் வாழ்த்தப் போயிருந்தேன், அதனால் குறை சொல்ல முடியாது.

2024 டிசம்பர் 23

நேற்று வெளியீட்டு விழா. விழா வேண்டாம் என்றுதான் இருந்தேன். 'விழா இல்லேன்னா போட்டோ இல்ல, போட்டோ இல்லேன்னா செய்தி இல்ல' என்றார்கள். செலவு: ஹால் 4,500, மைக் செட் 1,500, அறுபது பேருக்கு டீயும் சமோசாவும் 1,800, நாலு பொன்னாடை 600, சிறப்புப் பேச்சாளர் வந்துபோகக் கார் 3,500. மொத்தம் 11,900. ராயல்டி எவ்வளவு என்று மேலே இருக்கிறது.

சிறப்புப் பேச்சாளர் ஐம்பது நிமிஷம் பேசினார். அருமையான பேச்சு, தண்டி யாத்திரை, வேதாரண்யம், உப்புச் சத்தியாக்கிரகம் 1930 என்று எல்லாம் வந்தது. என் புத்தகம் வரவில்லை. ஒரே ஒரு இடத்தில் 'இந்த நாவலில்' என்றார். சிறுகதைத் தொகுப்பு அது.

மண்டபத்தில் பதிப்பாளர் விற்றது 21. அதில் சித்தப்பா மட்டும் மூன்று. 'யாருக்காச்சும் விசேஷத்துக்குக் குடுக்கலாம்' என்றார். அவர் படிக்கமாட்டார் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அந்த மூன்றை நான் மொய் நோட்டில் எழுதவில்லை.

அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடைக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. முடிந்ததும் வாசலில் கட்டியிருந்த என் படம் போட்ட ஃப்ளெக்ஸைக் காட்டி, 'இது இன்னா விலை?' என்று கேட்டாள். எண்ணூறு என்றேன். ஒன்றும் சொல்லாமல் கழற்றிச் சுருட்டிக்கொண்டாள்.

2025 ஜனவரி 5

நேற்று சென்னை நந்தனம், புத்தகக் காட்சி. சனிக்கிழமை, நல்ல கூட்டம். தொள்ளாயிரம் அரங்கு என்றார்கள். எங்கள் அரங்கு எந்த வரிசை என்று எனக்கே இரண்டு முறை தவறிவிட்டது. 'எழுத்தாளர் கையெழுத்திடுகிறார்' என்று ஒரு அட்டை வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். சமையல் புத்தகம் எங்கே என்று இரண்டு பேரும், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று ஐந்து பேரும் கேட்டார்கள். பாத்ரூம் வழி எனக்கு இப்போது தலைகீழ்ப் பாடம்.

ஒரு அம்மா புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, நின்றபடியே நாலு பக்கம் படித்தார். நான் பேசவில்லை. முதுகை நிமிர்த்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சை எழுதுகிற பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்க்கக் கூடாது என்கிற மாதிரி. அப்புறம் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதத்தில் ஒரு ஆள் என் எழுத்தைப் படிப்பதை நேரில் பார்த்தது அந்த ஒரு தடவைதான். 98ஆம் பக்கம். ராத்திரி பஸ்ஸில் நானும் அதே நாலு பக்கத்தைப் படித்தேன். வைத்துவிட்டுப் போனதில் தப்பில்லை, அந்தக் கதை அந்த இடத்தில் இழுக்கிறது. நவம்பரில் மூன்றாவது மெய்ப்பு (புரூஃப்) பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நவம்பரில் நான் காணொளி எடுத்துக்கொண்டிருந்தேன்.

2025 ஜனவரி 6

'98ஆம் பக்கம்' என்று எழுதியதை வைத்து யாரோ புத்தகத்தைக் கண்டுபிடித்து, படித்தும்விட்டு, இழுப்பது 96லேயே ஆரம்பித்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன்.

2025 ஜனவரி 13, போகி

புத்தகக் காட்சி நேற்று முடிந்தது. பதிப்பாளர் கணக்கு மார்ச்சில்தான் வரும். என் பங்கு நூற்றுப் பத்தில் முன்பதிவு கடைசியில் 72, மதிப்புரைக்கு அனுப்பினது எட்டு, கட்டிலுக்கடியில் முப்பது. மதிப்புரை இதுவரை ஒன்று, அதுவும் மொய்தான்.

மரக்காணத்துப் பையன் பதில் போட்டிருக்கிறான், ஒரு மாதம் கழித்து. வீட்டில் தண்ணீர் வடிந்துவிட்டதாம், புத்தகங்கள் நனைந்துவிட்டதாம், பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான். என் புத்தகத்தைப் பற்றி ஒன்றுமில்லை. நாளைக்குப் பொங்கல், நாளை மறுநாள் கடை திறந்தால் வாங்கி அனுப்ப வேண்டும்.

காலையில் அம்மாவிடம் அந்த ஃப்ளெக்ஸ் எங்கே, போகிக்குப் போடக் கூடாது, பிளாஸ்டிக், புகை ஆகாது என்றேன். 'யாரு கொளுத்தப் போறா? மாமா எடுத்துட்டுப் போயி ஆட்டுக் கொட்டாய்க்குக் கூரையாப் போட்டுட்டாரு' என்றாள். மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்ததாம்.

என் மூஞ்சி உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கேட்டேன்.

'உள்பக்கந்தான். வெளியில போட்டா வெயில்ல வெளுத்துடாது?'